எனக்கென்று இரண்டு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இந்த வாரத்தில் மட்டும் மூன்று பாடங்களுக்கு அக மதிப்பீட்டுத் தேர்வு இருக்கிறது. இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் இன்னும் நான்கு செய்முறைகள் எழுதப்படாமல் கிடக்கின்றன. போன செமஸ்டரில் நுண்கணிதத்தில் விழுந்த அரியரைப் பற்றி வீட்டில் இதுவரை வாய் திறக்கவில்லை. காலையில் காவேரிப்பட்டணத்தில் பேருந்து ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறேன். இன்று கரும்பலகையில் இருந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன். அதில் ஒரு வரியும் மனத்தில் ஏறவில்லை என்பது மணி அடித்த பிறகே உறைத்தது. அழுகைகூட வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

அதே பேருந்தில் வரும் வரலாற்று முதுகலை அக்கா, யெவ்கேனி சம்யாதினின் ‘நாம்’ நாவலைப் படிக்கக் கொடுத்தார். 1920, 21 ஆண்டுகளில் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டு, 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருந்த நூல் அது. அதில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். (சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான் என்பது நினைவுக்கு வந்தது.) எல்லோரும் ஒரே நொடியில் விழித்து, ஒரே நொடியில் உணவை வாய்க்குக் கொண்டுபோகும்படி ஒரு கால அட்டவணை அவர்களை ஆள்கிறது. 16 முதல் 17 மணி வரையும் 21 முதல் 22 மணி வரையும் மட்டுமே அவரவர் சொந்த நேரம். மூன்றாம் குறிப்பில் அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் நாளை மணிவாரியாகத் தாளில் எழுதிப் பார்த்தபோது, அந்த இரண்டு மணி நேரம்கூட எனக்கு மிஞ்சவில்லை.

படிக்கும் கல்லூரியை ஒரு கொடுங்கோல் அரசோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று அக்காவிடம் நானே சொன்னேன். அவர் வேறொன்றைக் காட்டினார். அந்த நாவல் முழுவதும் டி-503 என்பவன் எழுதும் குறிப்புகள்தான். ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலிலும் நாயகன் வின்ஸ்டன் ஏப்ரல் 4 அன்று நாட்குறிப்பு எழுதத் தொடங்குவதிலிருந்துதான் எல்லாம் புறப்படுகிறது. எழுத உட்காரும்வரை தனக்கென்று ஒரு மனம் இருப்பது டி-503க்குத் தெரியவே இல்லை என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இருவரும் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறினோம். 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை தாக்கியும் இந்தக் கோட்டை வீழவில்லை. ஆனால் மறு ஆண்டே திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில், இந்தப் பகுதியான பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி விதித்த அனுபவத்திலிருந்துதான், உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருப்பெற்றது. அந்த உடன்படிக்கை நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். யார் வென்றிருப்பார்கள் என்பதைவிட, அந்த உலகத்தில் உன் தாத்தாவின் நிலத்துக்கு யார் வரி வாங்கியிருப்பார்கள் என்று கேட்பதே நல்ல மாற்று வரலாற்று நாவலின் வேலை என்றார் அக்கா.

பிலிப் கே. டிக் எழுதி 1962இல் வெளிவந்த ‘தி மேன் இன் தி ஹை காஸில்’ நாவல் பற்றியும் பேசினோம். 1933இல் கொலைமுயற்சியிலிருந்து உயிர் தப்பிய அமெரிக்காவின் ரூஸ்வெல்ட் அந்தக் கதையில் கொல்லப்படுகிறார். ஜெர்மனியும் ஜப்பானும் இரண்டாம் உலகப் போரில் வெல்கின்றன. அந்த உலகத்து மக்கள், நேச நாடுகள் வென்றதாக எழுதப்பட்ட ஒரு நாவலைப் படிக்கிறார்கள். ஆனால் அதில் வரும் உலகமும் நம்முடையதைப் போல இல்லை. இதைக் கேட்டதும், பல மாதங்களாக நானும் இரவெல்லாம் அப்படி ஒரு கதையைத்தான் மனத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்: கணிதத்தை விட்டுத் தமிழ் எடுத்திருந்தால், அந்த ஒரு தாளில் மட்டும் தேறியிருந்தால் என்று. அரியரைப் பற்றி ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல்முறை. அக்கா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த இன்னொரு நீயும் இதே மலையில் உட்கார்ந்து உன்னை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்பாளோ என்னவோ, வீட்டில் சொல்லிவிடம்மா” என்றார்.

மார்ச் 12, புதன்

அம்மாவிடம் சொன்னேன். “இதையா இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாய், கண்ணு?” என்று கேட்டு, தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தார். தோப்பில் மாம்பிஞ்சு உதிர்கிற கவலையில் இருந்த அப்பா, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் விசாரித்தார். ரெக்கார்டு நோட்டுக்குத் திங்கள்வரை அவகாசம் கேட்டேன், கிடைத்தது. மணி இப்போது இரவு ஒன்பது; பத்து வரைக்கும் ‘நாம்’ படிக்கப்போகிறேன், நான்காம் குறிப்பிலிருந்து.