காளானைக் கவுத்திப் பாருங்க

அம்பாசமுத்திரம் ரோட்டோரம், ராத்திரி பெஞ்ச மழைக்கு, புல்லுக்குள்ள வெள்ளைக் குடைக்காளான் வரிசையா.

மேல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது.

குடைக்கு அடியில மடிப்பு பச்சையடிச்சிருந்தா பறிக்கவே வேண்டாம். தின்னா சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு. பிஞ்சுல அந்த மடிப்பும் வெள்ளைதான், ஏமாத்திரும்.

அதுக்குத்தான் வித்துத்தூள் எடுக்கிறது, அதாவது மடிப்புலேர்ந்து உதிர்ற விதை மாதிரி பொடியைத் தாள்ல விழவச்சு நிறம் பாக்கிறது. விரிஞ்ச குடையா எடுத்து, காம்பை வெட்டி, மடிப்பு கீழ இருக்க தாள்ல வச்சு, டம்ளரால மூடி ராத்திரி பூரா விடுங்க. தாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பா இருக்கணும். வெள்ளைத் தூள் கறுப்புலதான் தெரியும்.

கறையான் புத்துல முளைக்கிற, நாம திங்கிற புத்துக்காளான் தூள் இளஞ்சிவப்பு. காம்பும் வேரா நீண்டு புத்துக்குள்ள இறங்கும். தோண்டித்தான் எடுக்கணும், பிடுங்கினா வேர் அந்துரும்.

வெள்ளைத் தூளும் காம்படியில பை மாதிரி உறையும் சேந்தா, உயிரெடுக்கிற சாதியா இருக்கலாம். இளஞ்சிவப்புலயும் விஷம் உண்டு வே!