பென்சில் பாதி, பேனா பாதி

ஜூலை 14, 2025, திங்கள்

பத்து நாள் பேசக்கூடாதாம். கிசுகிசுக்கவும் கூடாது; மெல்லப் பேசுவதைவிடக் கிசுகிசுப்பதுதான் குரல்நாணை அதிகம் வருத்தும் என்றார் டாக்டர். லீவு போடச் சொன்னார். ஒன்றாம் வகுப்பை யாரிடம் விட்டுவிட்டு லீவு போடுவது? பதினோரு பிள்ளைகள். இப்போதுதான் பாடத்தில் ‘மழை’ வந்திருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டினேன். சத்தம் இல்லை, நாக்கு மட்டும். பதினோரு வாயும் திறந்தன. பதினோரு நாக்கும் எங்கெங்கோ போய்விட்டு வந்தன. பிறகு ஒரே குரலில், “மளை!”

எங்கள் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்குச் சொந்த ஊர் கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம். அங்கே மழை மளைதான், பழம் பளம்தான், கிழவி கிளவிதான். பிறந்ததிலிருந்து காதில் விழுந்ததைத்தானே பிள்ளைகள் சொல்லும். அதைத் தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் எழுதும்போது எந்த எழுத்து என்று தெரிய வேண்டுமே.

மதியம் பள்ளிச் சமையலறையான கஞ்சிப்புரைப் பக்கம் கை கழுவப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். சமைக்கும் மலையாளச் சேச்சி “மழ வருந்நுண்டோ மக்களே?” என்று கேட்கிறார். வகுப்பில் மளை என்று சொன்ன அதே பிள்ளைகள், “ஆ சேச்சி, மழ வருந்நு” என்கின்றன. அவ்வளவு சுத்தமான ழ! மலையாளத்தில் பேசும்போது நாக்கு தானாக மடிகிறது, தமிழுக்கு வந்ததும் நேராகிவிடுகிறது. பதினெட்டு வருஷமாக இங்கே ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பேச முடியாமல் போன அன்றைக்குத்தான் இது என் காதில் விழுகிறது.

ஜூலை 16, புதன்

சேச்சியைக் கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டிவந்தேன். பருப்பு அடுப்பில் இருக்கிறது என்று தவித்தார். “மழ” என்று ஐந்து முறை அவர் சொல்ல, பிள்ளைகள் சொன்னார்கள். நான் பலகையில் ழ எழுதி, அதன் முன்னால் ஐகாரக் கொம்பு போட்டேன். மழை.

முதலில் பிடித்துக்கொண்டது ஜார்கண்ட் பையன். ஜூன் மாதம் ‘தண்ணி’ என்ற ஒரே சொல்லோடு வந்தவன்.

நான் பேசாததால் பிள்ளைகளும் தணிந்து பேசுகிறார்கள். யாரும் சொல்லவில்லை. நான்காம் வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் வரவில்லையா என்று கேட்டார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. என் வகுப்புப் பாப்பாவின் ஆச்சி வாசலில் நின்றார். தோட்டத்தில் அவர் பேர் வெட்டியாயிற்றாம், இனி வேலை இல்லை.

சாயங்காலம் செய்தி பார்த்தேன். கொல்லம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் மின்சாரம் தாக்கி இறந்துவிட்டான். இன்றைக்கு வேறு எதுவும் எழுத முடியாது.

ஜூலை 18, வெள்ளி

பள்ளியைச் சுற்றி ஒவ்வொரு ஒயராகப் பார்த்தோம். கூரைத் தகரத்தையும் பார்த்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆச்சி சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். “வீட்டக் காலி பண்ணிச் சாவியக் குடுத்தாத்தான் கிராஜுவிட்டி செக்கு தருவாகளாம், டீச்சர். ஊருல போயி தீப்பெட்டியாச்சும் ஒட்டிக்கிடுதேன்.” நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். விரல் நுனிகளில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கிறது. பாப்பாவின் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில். பாப்பா ஆச்சியோடுதான் இருக்கிறாள், ஆச்சியோடுதான் போவாள்.

போகட்டும். எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஆனால் இவள் இப்போது போகக்கூடாது. ஆறு மாதம் கழித்து என்றால் சந்தோஷமாக அனுப்புவேன்.

அவளுடைய சம்யுக்த டைரியை, பிள்ளையும் வீட்டாரும் சேர்ந்து எழுதும் டைரியை, வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். தெரிந்ததைப் பிள்ளை பென்சிலால் எழுத வேண்டும், தெரியாத சொல்லை அம்மாவோ அப்பாவோ பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும். மாதம் போகப் போகப் பேனா குறைந்து பென்சில் கூடும். ஆச்சிக்கு எழுதத் தெரியாது. அதனால் தெரியாத சொல் வரும் இடத்தில் ஆச்சி பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவார். பெரிய சொல்லுக்கு நீளக் கோடு, சின்னச் சொல்லுக்குக் குட்டிக் கோடு. காலையில் பாப்பா என் மேசைக்கு வந்து கோட்டின் மேல் விரலை வைத்து அந்தச் சொல்லைச் சொல்வாள், நான் எழுதுவேன். சொல் எவ்வளவு நீளம் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிகிற ஆச்சியை எழுதத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஏழு கோடு, எட்டுக் கோடு. போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் மூன்று. “ஆச்சி ____ போனா. மழ பேஞ்சது. நா ____ பாத்தேன். பூன ____ படுத்துச்சு.” மழ என்றுதான் எழுதியிருக்கிறாள், கொம்பு இல்லை. ஆனால் ழ இருக்கிறது.

இவள் இப்போது வாசிப்பின் வாசலில் நிற்கிறாள். கதவைத் தள்ளப் போகிற நேரம்.

ஜூலை 21, திங்கள்

வி.எஸ். மறைந்துவிட்டார், கேரளத்தின் முன்னாள் முதல்வர் அச்சுதானந்தன். 101 வயது. நாளை லீவு.

சாயங்காலம் பாப்பாவின் லயத்துக்குப் போனேன். ஆச்சி போனில் செய்தியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். 2015 செப்டம்பரில் போனஸுக்காகப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, ஆச்சியும் அதில் இருந்தவர். யூனியன் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடாத கூட்டம், வி.எஸ். வந்தபோது உட்கார இடம் விட்டது. “கிளவரு கூடவே உக்காந்தாரு டீச்சர்” என்றார் ஆச்சி. பாப்பா நிமிர்ந்து, “கிழவரு ஆச்சி, கிழவரு” என்று திருத்தினாள்.

ஆச்சி திரும்பவும் “கிளவரு” என்றார். அது போதும்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. மழை நிற்கவில்லை. 2020க்குப் பிறகு ராத்திரி மழையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த வருஷம் பெட்டிமுடி லயங்கள் மேல் மண் சரிந்து 70 பேர் போனார்கள்.

ஜூலை 23, புதன்

கணக்கு. மூன்று என்றால் என்ன என்று கேட்க நினைத்து மூன்று விரலைக் காட்டினேன். ஒருவன் மூன்று கல் எடுத்து வைத்தான். பாப்பா ஜன்னல் வழியே கையை நீட்டி, வேலியோரத்துத் தேயிலைச் செடியிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு.

அப்புறம் வகுப்பே மாறிவிட்டது. கொழுந்தைப் பிய்த்து இரண்டும் ஒன்றும் மூன்று என்றார்கள். ஒன்றும் இரண்டும் மூன்று என்று திருப்பி வைத்தார்கள். இரண்டு கொழுந்து சேர்ந்தால்? இலை நாலு, மொட்டு ரெண்டு, ஆறு! அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த பாடம் அது. ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஜூலை 24, வியாழன்

கர்க்கடக வாவு, லீவு. நமக்கு ஆடி அமாவாசை. அப்பாவுக்கு இலை போட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. டாக்டர் அரை மணிக்கு ஒரு வாக்கியம் பேசலாம் என்றார். முதல் வாக்கியத்தை எதற்குச் செலவழிப்பது என்று காலையிலிருந்து யோசித்து, கடைசியில் “எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்றுதான் வந்தது.

ஜூலை 27, ஞாயிறு

பாப்பா மலை இறங்கித் தமிழ்நாட்டுக்குப் போனால் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் 2022லிருந்து ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். நல்ல திட்டம்தான், அங்கே வேலை செய்யும் என் அத்தை மகள் ராப்பகலாகப் பாடுபடுகிறாள். காலையில் பொங்கலோ உப்புமாவோ பள்ளியிலேயே கிடைக்கும். அதைக் கேட்டுத்தான் பாப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “காலையிலயுமா டீச்சர்?”

என் பயம் வேறு. இங்கே நாங்கள் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவதில்லை. முதலில் கதை அல்லது பாட்டு, அதிலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து சொல், சொல்லுக்குள்ளிருந்து எழுத்து. ம தெரியும், ழ தெரியும், பூ தெரியும், லை தெரியும். ஔ இன்னும் வரவில்லை, அவளுக்கு அது தேவைப்படவில்லை. புதுப் பள்ளியில் முதல் நாள் “அ முதல் ஃ வரை சொல்லு” என்றால் விழிப்பாள். “மழையில் பூனை நனைந்தது” என்று எழுதச் சொன்னால் எழுதிவிடுவாள். எதைக் கேட்பார்கள்? விழித்தால் ஒன்றும் தெரியாது என்று எழுதிவிடுவார்களோ? ஒன்றும் தெரியாது என்று ஆறு வயதில் ஒரு முறை கேட்ட பிள்ளை அதை எவ்வளவு நாள் நம்பும்!

நாளையிலிருந்து இன்டர்வெல்லில் அவளுக்கு மட்டும் உயிரெழுத்து வரிசை. 12தானே. எனக்குப் பிடிக்காத முறைதான், ஆனாலும் சொல்லிக் கொடுப்பேன்.

ஜூலை 28, திங்கள்

டைரியில் கோடே இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. பார்த்தால் பக்கத்து வீட்டுத் தாத்தா பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘இலை’. அதிலும் பழைய லை, யானைத் தும்பிக்கை போல மேலே சுருண்டு வளைந்த லை. என் அப்பாவின் கடிதங்களில் பார்த்தது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது போன வடிவம், இந்த லயத்தில் ஒரு பேனாவுக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பாப்பா அதை அப்படியே பென்சிலால் நாலு முறை வரைந்திருந்தாள். “இது என்ன டீச்சர்?” அரை மணிக்கு ஒரு வாக்கியம் என்பதை மறந்து பேசினேன். தாத்தா காலத்தில் லை இப்படி, ளை இப்படி, ணையும் னையும் இப்படி. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே கொம்பு. அவள் உடனே, “அப்ப யானையில யானை இருந்துச்சா?” என்றாள்.

இருந்தது கண்ணே.

தொண்டை எரிகிறது. மஞ்சள் போட்ட பால்.

ஜூலை 29, செவ்வாய்

ஔ சொல்லிவிட்டாள். எழுதிவிட்டு, “இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்கிறாள்.

ஜூலை 30, புதன்

டி.சி. பற்றி ஆச்சி பயந்துபோய் வந்தார். கையில் டி.சி. இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் பிள்ளையைச் சேர்க்காமல் நிறுத்தி வைக்கக்கூடாது, 2009ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். எழுதிய பிறகுதான் அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று உறைத்தது. பாப்பா வாங்கி, விரலை வைத்து, “பள்... பள்ளி” என்று படித்தாள். அடுத்து “பிள்ளை”. அடுத்து நின்றுவிட்டாள். மீதியை நான் சொன்னேன். ஆச்சி காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

ராத்திரி அந்தப் புது டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்தேன். முதலாவது இரண்டு பக்கம் போய்விட்டது, முகம் தெரியாத ஒருவருக்கு நான் பாடம் நடத்துவது போல இருந்தது. கடைசியில் நாலு வரி. இந்தப் பிள்ளைக்கு வரிசை இப்போதுதான் வருகிறது, தயவுசெய்து முதலில் ஏதாவது எழுதச் சொல்லிப் பாருங்கள். டைரியைத் தொடர விடுங்கள். கோடு இருக்கும் இடத்தில் அவளே சொல்லைச் சொல்வாள், நீங்கள் எழுதிக் கொடுத்தால் போதும். கொழுந்தை வைத்து ஆறு வரை கூட்டுவாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைய டைரி:

“ஆச்சி பெட்டி கட்டுனா. பூனய தாத்தாட்ட குடுத்தோம். மழை பேஞ்சது. நாங்க ______________ போறோம்.”

மழைக்குக் கொம்பு போட்டிருக்கிறாள். நான் சொல்லவே இல்லை.

கோடு பக்கத்தின் ஓரம் வரை போயிருந்தது. இவ்வளவு நீளக் கோடு ஆச்சி இதுவரை போட்டதில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பாப்பா விரலை வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெல்ல இழுத்தாள். சொல்லவில்லை. ஊர்ப் பெயரா என்று கேட்டேன். தலையை ஆட்டவில்லை. திரும்பவும் இழுத்தாள்.

பேனாவை மூடினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லோடு வண்டி புதன் என்கிறார்கள். வெள்ளி என்றும் சொல்கிறார்கள். போடிமெட்டு இறங்கும்போது 17 கொண்டை ஊசி, பாப்பாவுக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதினோரு பேரும் வந்தார்கள். ஒன்பது முடிந்தது. நாளை பத்து. ஈர்க்குச்சி ஒடித்தாயிற்று, பத்துப் பத்தாகக் கட்ட ரப்பர் பேண்டு வாங்க வேண்டும்.