லோடும் லிட்டரும்: வண்டிகளை ஓட்டிப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுபவரின் மார்ச் குறிப்புகள்

மார்ச் 3

இன்று கார் மைலேஜ். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுக்கும் பழைய முறைதான். டேஷ்போர்டில் வரும் மைலேஜைக் குறித்துக்கொள்ளலாம், அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் குழல்) எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் உத்தேசக் கணக்கு அது. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும்.

நிரப்புகிற இடத்தில்தான் பிழை நுழைகிறது. அதே பங்க், அதே பம்ப், வண்டி நிற்கும் திசையும் அதே. தரை லேசாகச் சாய்ந்திருந்தாலும் டேங்கின் மூலையில் காற்று தங்கி அரை லிட்டர் முன்பின் ஆகிவிடும். நாசில் முதல் தடவை டக்கென்று நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். பில்லை முழுத் தொகையாக்க ஊழியர் இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவார். முன்கூட்டியே சொல்லிவைத்தால் செய்ய மாட்டார். 20 லிட்டர் எரிந்த ஓட்டத்தில் 1 லிட்டர் பிழை என்றால் 5 சதவீதம். 40 லிட்டர் எரியும்வரை ஓட்டினால் அதே பிழை 2.5 சதவீதமாகக் குறையும். அறுபது கிலோமீட்டர் ஓடிவிட்டு மைலேஜ் எழுதுவது வாசகரை ஏமாற்றுகிற வேலை, அதில் சந்தேகமே இல்லை.

பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் சுமார் 1 சதவீதம் விரியும். அதனால் இரண்டு தடவையும் விடியற்காலையில் நிரப்புவது நல்லது. டயர் காற்றும் அப்போதே, சக்கரம் சூடாவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சான்றிதழில் உள்ள மைலேஜோடு இதை ஒப்பிட்டு "கம்பெனி பொய் சொல்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. சான்றிதழ்ச் சோதனை உருளைகள்மேல் நடப்பது: 1,180 விநாடி, உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். வேளச்சேரி நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்கிற காரை அதில் தேடக் கூடாது. இரண்டு எண்ணையும் போடுங்கள். எந்த எண் எப்படி வந்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

மார்ச் 4

ஸ்பீடோமீட்டர். ஐ.நா. விதி 39-ன்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது; கூட்டிக் காட்டலாம். அதற்கு உச்சவரம்பு, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் 4 கிலோமீட்டரும். அதாவது 80-ல் போகும் வண்டி 92 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதே. ஜிபிஎஸ்ஸை வைத்து 40, 60, 80, 100 நான்கிலும் ஒரே சீராக ஓட்டிக் குறித்தால் போதும்.

ஓடோமீட்டர் வேறு விஷயம். 605 மி.மீ. விட்டமுள்ள டயரில் 6 மி.மீ. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேல் ரப்பர்) தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. குறையும், ஓடோமீட்டர் 2 சதவீதம் கூடுதலாக ஓடும். பழைய டயரோடு வந்த வண்டியின் மைலேஜ் அதனாலேயே உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

மார்ச் 9

நாமக்கல். பத்துச் சக்கர லாரி, பாடி கட்டி முடிந்தது. லாரியைக் காலியாக ஓட்டிப் பார்த்து எழுதுவதில் பயனில்லை. காலி லாரியில் கியர் எல்லாம் இனிக்கும், பிரேக் எல்லாம் பிடிக்கும். லோடு ஏறினால்தான் அந்த வண்டி யாரென்று தெரியும்.

எடை மேடையில் மூன்று எடை எடுக்க வேண்டும். முன் அச்சு மட்டும் மேடைமேல், பிறகு முழு வண்டி, பிறகு பின் இரட்டை அச்சு மட்டும். ஒவ்வொரு தடவையும் நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பிரேக் பிடித்தபடி நின்றால் ஸ்பிரிங் பட்டைகள் இறுகி நிற்கும், அச்சுகளுக்கு இடையே எடை தவறாகப் பிரியும். முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடைக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் இடித்தால் மேடைக்கு வெளியே உள்ள தரை சமமாக இல்லை என்று அர்த்தம். மேடையை மாற்றுங்கள்.

2018-ல் அச்சு எடை வரம்பு மாறியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5, பத்துச் சக்கரத்துக்கு 25-லிருந்து 28, பன்னிரண்டுக்கு 31-லிருந்து 35. முன் அச்சுக்கு 7 டன், பின் இரட்டை அச்சுக்கு 21 டன். மொத்த எடை சரியாக இருந்தும் முன் அச்சு மட்டும் மீறுவது அடிக்கடி நடக்கிறது. கேபின் பின்சுவரை ஒட்டி இரும்புக் கம்பியோ கல்லோ அடுக்கினால் அப்படித்தான் ஆகும். கணக்கு எளிது: அச்சுகளுக்கு இடையே 5 மீட்டர் உள்ள வண்டியில் 5,000 கிலோ சரக்கை அரை மீட்டர் பின்னால் தள்ளினால் முன் அச்சிலிருந்து 500 கிலோ பின்னுக்குப் போகும். ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் இந்த எடைச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 10

அதே லாரி, 28 டன், தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம். தொப்பூர் கணவாய் இறக்கம்.

இந்த இறக்கத்தில் இத்தனை உயிர் போனதற்குப் பெரிய காரணம் நியூட்ரல். டீசல் மிச்சம் என்று நம்பி கியரை எடுத்துவிடுகிறார்கள்; சிலர் இன்ஜினையே நிறுத்துகிறார்கள். இன்றைய எலக்ட்ரானிக் டீசல் இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் சுத்தமாக மூடிக்கொள்ளும், ஒரு சொட்டும் போகாது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். ஆக நியூட்ரல் மிச்சமே இல்லை, நட்டம். இன்ஜினை நிறுத்தினால் பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் கம்ப்ரஸரும் பவர் ஸ்டீயரிங் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். இதை ஒவ்வொரு லாரிக் கட்டுரையிலும் திரும்பத் திரும்ப எழுதலாம், சலிப்பே வேண்டாம்.

28 டன் 100 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தி சுமார் 27.5 மெகாஜூல். கிட்டத்தட்ட 94 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. அவ்வளவையும் பிரேக் டிரம் மட்டும் வாங்கினால் டிரம் விரிந்து, உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும். காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் பிரேக் சேம்பரின் தண்டு கடைசிவரை வந்துவிடும், அதற்கு மேல் அழுத்தம் கொடுக்க இடமில்லை. காற்று மீட்டர் முழுசாகக் காட்டும், வண்டி நிற்காது.

செய்முறை: இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், பாதியில் குறைக்கப் போய்க் கியர் விழாமல் போனால் அது நியூட்ரல்தான். இதே மேட்டில் ஏற என்ன கியர் வேண்டுமோ அதற்கு மேல் போகக் கூடாது. எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) இன்ஜின் சுற்று கூடும்போதுதான் நன்றாகப் பிடிக்கும். 1,000 சுற்றில் போட்டுவிட்டு "பிடிக்கவில்லை" என்று எழுதக் கூடாது. மீதிக்குக் கால் பிரேக்: வேகம் 40 தொட்டால் அழுத்தமாக மிதித்து 30-க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிட வேண்டும். காலை லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் டிரம் ஆற வழியில்லை.

கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொரு டிரம்மாக அளக்க வேண்டும். துரு பிடித்த டிரம்மின் மேல் குறி வையுங்கள். பளபளப்பான உலோகத்தில் சூடு குறைவாகக் காட்டும். இங்கே அதிகச் சூடான டிரம்மைவிட ஆறிக் கிடக்கும் டிரம்தான் கவலை. அது வேலை செய்யவில்லை, அதன் பங்கை மற்றவை சுமக்கின்றன. பெரும்பாலும் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கும்.

மார்ச் 14

லாரிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் எழுதினால் அரைக்கணக்கு. 19 டன் சரக்கோடு லிட்டருக்கு 4 கொடுக்கும் வண்டி, ஒரு லிட்டரில் 76 டன்-கிலோமீட்டர் வேலை செய்கிறது. 15 டன்னோடு 4.5 கொடுப்பது 67.5 தான். லாரி முதலாளிக்கு வேண்டியது இந்த எண். டீசல் நுரைக்கும் என்பதால் லாரி டேங்கை நிரப்பும்போது நுரை அடங்கக் காத்திருந்து கழுத்துவரை ஊற்ற வேண்டும்.

தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் காரை மட்டுமே எழுத ஆசைப்படுகிறார்கள். சென்னையில் அது பாதித் தொழில்தான். 1948-ல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டாகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. ஒரகடத்தில் 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகள் வருகின்றன. லாரி எழுதிப் பழகியவர் காரை எழுதும்போதும் ஐந்து பேரும் பெட்டியும் ஏற்றிப் பார்ப்பார். அந்தப் பழக்கம் பெரிய சொத்து.

விவரப் பட்டியலைச் சரிபார்க்க ஒரு கணக்கு: நியூட்டன்-மீட்டரை இன்ஜின் சுற்றால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36-ஆல் பெருக்கினால் பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). 1,500 சுற்றில் 800 நியூட்டன்-மீட்டர் என்றால் சுமார் 126 கிலோவாட், 171 பிஎஸ். "மொத்தமே 150 பிஎஸ்" என்று அதே தாளில் இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. கேட்டுவிட்டுத்தான் அச்சிட வேண்டும்.

மார்ச் 18

கார் பிரேக், இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம். 100-லிருந்து நிற்கும் தூரம். சரியாக 100-ல் மிதிப்பது நடக்காத காரியம், திருத்தத்தான் வேண்டும். தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 102.5-ல் மிதித்து 46 மீட்டரில் நின்றால், 100-க்கு அது 43.8 மீட்டர். திருத்தாமல் போட்டால் நல்ல பிரேக் உள்ள காருக்கு இரண்டு மீட்டர் கெட்ட பெயர்.

மார்ச் 21

பிஎஸ்-6 (புகை அளவைக் கட்டுப்படுத்தும் விதி) டீசல் காரின் மைலேஜ் திடீரென்று கணிசமாக இறங்கியது. வண்டியில் கோளாறு இல்லை. புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலை அனுப்பி, வடிகட்டியை சுமார் 600 டிகிரிக்குச் சூடேற்றியிருக்கிறது. அடையாளங்கள்: ஐடிலிங் கொஞ்சம் உயரும், ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடும், சூடான வாடை வரும். சோதனை நடுவில் இது வந்தால் அந்த ஓட்டத்தைத் தனியாகக் குறித்துவிட்டு, இன்னொரு டேங்க் ஓட்ட வேண்டும்.

ஊருக்குள் குட்டிக் குட்டித் தூரமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்றுகொண்டே இருக்கும். அந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது, ஆயிலை மாற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டினால் வடிகட்டி தானாகச் சுத்தமாகும்.

லாரிகளில் புகையின் நச்சைக் குறைக்க யூரியா கரைசல் வேறு இருக்கிறது: 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். நீல மூடி அதற்கு. டீசல் டேங்கில் அது விழுந்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது. பம்ப் ஓடினால் பைப், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் ஏறிவிடும். டேங்கை முழுக்க வடித்துக் கழுவிய பிறகுதான் ஸ்டார்ட். கட்டுரையில் நீல மூடி எந்தப் பக்கம், டீசல் மூடிக்கு எத்தனை அடி தள்ளி என்று எழுதுங்கள். இரவில் பங்கில் நிற்கும் டிரைவருக்கு அது உதவும்.