வாக்குச்சாவடிக்குள் போகாத கதைகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் எழுத்தாளர் சந்திப்புக்கு இந்த மாதம் வந்தவர்கள் குறைவு. பேச்சு மட்டும் சூடாக இருந்தது.

வந்திருந்த நாவலாசிரியரிடம் கேட்டேன்: "ஐயா, நம் கதைகள் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் ரப்பர் பால்மரத்தையும் தோட்டக் கணக்கரான கிராணியின் அதட்டலையும் தாண்டி வாக்குச்சாவடிக்குள் ஏன் போவதில்லை?"

அவர் 1955 ஜூலை 27-ஐ எடுத்துக்கொண்டார். மலாயாவின் முதல் கூட்டரசுத் தேர்தல். விடியுமுன் எழுந்து மரம் சீவிய தோட்டத் தமிழர் பலர் அன்று குடிமக்களே இல்லை. அப்புறம் ஓட்டு எங்கிருந்து வரும்?

அங்கிருந்து பேச்சு எங்கள் ஊருக்கே திரும்பியது. 1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. எனக்கு அது தாங்கவில்லை.

இளையவர்கள் படிப்பதில்லை, கைப்பேசிக் காணொளிதான் பார்க்கிறார்கள் என்றார் அவர். இதை நான் ஏற்கவில்லை. 2008-இல் இந்தத் தொகுதி மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த சாமிவேலுவைத் தோற்கடித்த கதையைச் சொன்னால் என் மாணவர்கள் மணி அடித்தும் எழுந்திருப்பதில்லை. அவர்கள் கேட்பது இன்றைய கதையை: ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தபின் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் எங்கே போயின, அடுக்குமாடி வீட்டில் எப்படி வாழ்கின்றன?

அந்த நாவலை எழுதுங்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.