உயரத்தை ஒழுங்காக அளந்துவிட்டுப் பிறகு பேசுவோம்

"வயசுக்கேத்த வளர்த்தி இல்லை" என்று அழைத்து வரப்படும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதும் முன் செருப்பையும் சாக்ஸையும் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, ஸ்டேடியோமீட்டரில் (செங்குத்துப் பலகையும் தலையில் படியும் நகரும் தட்டும் கொண்ட உயரமானி) நிறுத்த வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை நான்கும் பலகையைத் தொட வேண்டும். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். சுவரில் ஒட்டிய காகித ஸ்கேலை நம்பாதீர்கள். 2 வயதுக்குள் படுக்கவைத்து அளக்கிறோம்; அந்த அளவு நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதல். படுக்கவைப்பதிலிருந்து நிற்கவைப்பதற்கு முறையை மாற்றும்போது வளர்ச்சி வரைபடத்தில் கோடு சரிவதுபோலத் தெரிந்தால் பதற வேண்டாம்.

இவ்வளவு கறார் எதற்கு? 3 மாத இடைவெளியில் 1 செ.மீ. பிசகினால், ஆண்டுக் கணக்கில் அது 4 செ.மீ. பிசகு. 4 வயதிலிருந்து பருவமடையும் வரை குழந்தை வளர்வதே வருஷத்துக்கு 5, 6 செ.மீ.தான்! அதனால் குறைந்தது 6 மாதம் விட்டு அளக்க வேண்டும். முடிந்தால் அதே கருவியில், அதே வேளையில். மாலைக்குள் உயரம் சற்றுக் குறைந்துவிடும்.

வளர்ச்சி வரைபடத்தில் 3-வது சதமானத்துக்குக் கீழே, அதாவது அதே வயதுள்ள 100 குழந்தைகளில் மிகக் குட்டையான மூவரில் ஒருவராக, இருப்பது மட்டுமே நோய் ஆகாது. பெற்றோர் இருவரின் உயரத்தையும் கேட்டு எழுதாமல் அளந்தே எழுதுங்கள். இரண்டையும் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்து, மகளுக்கு 13 கழித்து, பாதியாக்கினால் எதிர்பார்க்கும் உயரம் செ.மீ.யில் கிடைக்கும். குழந்தை அந்தப் பாதையில் சீராக வளர்ந்தால் பெரும்பாலும் குடும்பவாகுதான். வரைபடத்தின் சதமானக் கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கும் குழந்தைதான் மருத்துவர்களான எங்களைக் கவலைப்படுத்துகிறது.

அப்போது எடையைப் பாருங்கள். எடை முதலில் சரிந்து உயரம் பின்தொடர்ந்தால் ஊட்டக்குறை, குடல், சிறுநீரகம் பக்கம் தேட வேண்டும். உயரம் நின்றுபோய் உடம்பு மட்டும் பூசினாற்போல் இருந்தால் ஹார்மோன் கோளாறு. தைராய்டு குறைவு ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். அதைத் தேடாமல் டானிக் பாட்டில்களில் வருஷங்கள் போவதுதான் வேதனை. காரணம் புரியாமல் குட்டையாக இருக்கும் பெண் குழந்தைக்கு, முகத்தில் எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், டர்னர் குறைபாட்டுக்காக (பெண்ணின் இரண்டு X குரோமோசோம்களில் ஒன்று இல்லாமலோ பழுதுபட்டோ இருப்பது) குரோமோசோம் பரிசோதனை அவசியம்.

வளர்ச்சி ஹார்மோனைப் போகிறபோக்கில் ஒருமுறை பார்ப்பதில் பயனில்லை. அது விட்டுவிட்டுச் சுரப்பது, பகலில் ஆரோக்கியமான குழந்தைக்கும் அடிமட்டத்தில் இருக்கும். இடது மணிக்கட்டு எக்ஸ்ரே அதைவிட அதிகம் சொல்லும். அதில் தெரியும் எலும்பு வயது (எலும்பு எந்த வயதுக்குரிய முதிர்ச்சியில் இருக்கிறது என்பது) உண்மையான வயதைவிட 2 வருஷம் பின்தங்கி, வளரும் வேகம் சரியாக இருந்து, அப்பாவோ அம்மாவோ தாமதமாகப் பருவமடைந்தவர் என்றால், பெரும்பாலும் இது தாமதமான வளர்ச்சிதான்; மருந்து வேண்டாம். 6 மாதம் கழித்து, அதே ஸ்டேடியோமீட்டரில் மறுபடி நிறுத்துங்கள்.