இரண்டு மூட்டை மிளகு

2017 தொடக்கத்தில் மிளகு கிலோ 600 ரூபாய்க்கு மேல் போனது. இன்னும் ஏறும் என்று இரண்டு மூட்டையை விற்காமல் வைத்தேன். வருஷம் முடிவதற்குள் 400 பக்கம் வந்துவிட்டது. ஏற்காட்டில் எங்களுடையது காப்பித் தோட்டம். மிளகு, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிதான். ஆனால் பிள்ளைகளின் ஃபீஸ் அதில்தான் கட்டுகிறோம்.

சேலத்து வியாபாரி இரண்டு கிண்ணங்களை முன்னால் வைத்தார். "இது உங்களுது. இது கொழும்பு வழியா வந்தது. நீங்களே சொல்லுங்க, எது எது?" எனக்கே தெரியவில்லை.

வியட்நாம் மிளகு நேராக வந்தால் அப்போது 50 சதவீதத்துக்கு மேல் வரி. இலங்கை மிளகுக்கோ, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தியா-இலங்கை வர்த்தக ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. சரக்கு இலங்கையில் விளைந்தது என்று ஒரு சான்றிதழ் இருந்தால் போதும். வியட்நாம் மிளகே அந்தச் சான்றிதழோடு வருகிறது என்பதுதான் விவசாயிகளின் புகார். முன்பு வனஸ்பதியிலும் இதே கதை: வெளியிலிருந்து பாமாயிலை இறக்கி, இலங்கையில் வனஸ்பதியாக்கி, இங்கே அனுப்பினார்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்கக் கூடாது என்று அரசு தடுப்பு போட்டது. என் மூட்டைகளுக்கு அது உதவவில்லை.

உண்மையான இலங்கை மிளகு மேல் எனக்குக் கோபமில்லை. காரம் அதிகம், சாறு எடுக்கும் ஆலைகள் தேடி வாங்குகின்றன. அங்கே மாத்தளையில் கொடி வைத்திருப்பவரும் என்னைப் போல ஏணி ஏறுகிறவர்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மச்சானிடம் ஒப்பந்தங்களைத் திட்ட முடியாது. பிரிட்டனுக்குப் போகும் நம் ஆடைக்கு 9.6 சதவீதம் வரை வரி, வங்கதேசத்து ஆடைக்கு ஒன்றுமில்லை என்று வருஷக்கணக்கில் புலம்பியவர். 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதல் போன் எனக்குத்தான். "இனி அவங்க விலைக்கு நாங்களும் கொடுக்கலாம் மாப்பிள்ளை. ஸ்காட்ச்சும் விலை குறையுமாம்!" இரண்டாவது விஷயத்தில்தான் குரல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது.

அவர் வீட்டுக்கு வருஷா வருஷம் இரண்டு கிலோ மிளகு அனுப்புவோம். இந்த முறை பையின் மேல் 'ஏற்காட்டில் விளைந்தது' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினேன்.