மூன்றாவது இடம்

குடியை விட்டு இன்றோடு எழுபது நாள். சேலத்தில் எனக்கேற்ற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டம் கிடைக்க மூன்று இடம் ஏறி இறங்கினேன்.

முதல் இடத்தின் வாசலில் அண்ணனோடு வெள்ளிப் பட்டறையில் வேலை செய்பவர் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன். அவரும் அதற்குத்தானே வந்திருப்பார் என்பது ஐந்து ரோடு தாண்டிய பிறகுதான் உறைத்தது! இரண்டாவதற்குப் போகும் வழியில் என் பழைய ஒயின்ஷாப். சாயங்காலம் ஏழு மணிக்கு அதைத் தாண்டும் தெம்பு இல்லை, சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது போவது ஞாயிறு காலைக் கூட்டம். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே தகுதி. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் பேசித் தொடங்கியது, இன்றும் பேச்சுதான். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும், திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். போன வாரம் அப்படி ஒன்றுக்கு அம்மாவும் வந்தார்.

ஒன்று மட்டும்: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். நானும் டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

அன்று கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் அம்மா தட்டுவடை செட் கேட்டார். முன்னெல்லாம் அது எனக்குச் சைடிஷ்.